திரிகால மணியும் பிரேக் பெடலும்

மோட்டார் காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்பவன் காரைப் பற்றி எவ்வளவும் கதைக்கலாம். காரைத் தொடக்கூடாது. இந்த ஒரு வரியை எட்டு வருடத்துக்கு முன்னம் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அதுதானே கதை.)

கொட்டாஞ்சேனையில் என் மனைவி ரொஷானியின் வீட்டில் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு பகிடி சொல்லப்படும். கேக் வெட்டி, வைன் கிளாஸ் இரண்டு சுற்று வந்த பிறகு, ரொஷானியின் பெரியப்பா வின்சன்ட் தொண்டையைச் செருமுவார். அவர் சொல்வது இதுதான்: மரியதாஸ் பிரேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தான், பன்னிரண்டு மணிக்குத் திரிகால மணி அடித்தது, உடனே காலை எடுத்துவிட்டுச் செபம் சொல்ல எழும்பிவிட்டான், பிரேக்குக்குள் காற்றுப் போனது, அடுத்த நாளுக்கு மற்ற நாள் கலியாணப் பெண்ணோடு மணல் கும்பிக்குள் போனான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மரியதாஸ் என்பது என் மாமனார். அவரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தப் பகிடியில் ஒரு பொய் இருக்கிறது என்பதும், அந்தப் பொய்யின் நிழலில் நான் எட்டு வருடம் சொகுசாக உட்கார்ந்திருந்தேன் என்பதும்தான் நான் இங்கே சொல்ல வந்தது.

முதலில் என் தகுதியைச் சொல்லவேண்டும். நான் வெள்ளவத்தைக்காரன். சைவம். ரொஷானி கத்தோலிக்கப் பெண். எங்கள் கலியாணம் பதிவாளரின் மேசைக்கு முன்னால் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. கோயிலும் இல்லை, கோட்டும் இல்லை. அவளுடைய சொந்தக்காரர் பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதியில் பெரியவர் வின்சன்ட் பெரியப்பா. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்துபோகும். மாமா மட்டும் என் தோளில் கை வைத்து, "சாப்பிட்டீங்களோ தம்பி" என்று கேட்டார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அவர் என்னிடம் சொன்னதில்லை, ரொஷானிதான் சொன்னாள். மகளைக் கலியாண உடுப்போடு தன்னுடைய காரில் ஏற்றி, தானே ஓட்டி, கோயில் வாசலில் இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்காகத்தான் ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் அந்த வெள்ளைக் காரை வாங்கினாராம். பழைய ஜப்பான் கார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவுவார். மூத்த மகளுக்கு அந்த ஆசை நிறைவேறாமல் போனது என்னால். மிஞ்சியிருந்தது இளையவள் ஷிரோமி மட்டும்.

ஷிரோமிக்குச் சனிக்கிழமை கலியாணம். அதற்கு முந்திய ஞாயிறு மாமா என்னிடம் பட்டும் படாமலும் சொன்னார்: "பிரேக் கொஞ்சம் சொவ்ட்டா இருக்குத் தம்பி. ஆமர் வீதிச் சிக்னல்ல காலை வச்சுக்கொண்டு நிண்டால், பெடல் மெல்ல மெல்லக் கீழ போகுது."

இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்கவேண்டும். ஏனென்றால் மாமா அந்த ஒரு வசனத்தில் நோயை அப்படியே சொல்லிவிட்டார். எந்த மெக்கானிக்கும் அதைக் கேட்டவுடன் தலையாட்டியிருப்பான். நான் தலையாட்டவில்லை. எனக்கு எதிரில் இருந்தவர் ஒரு கிளார்க். நானோ மோட்டார் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று எத்தனையோ பேர் எழுதித் தந்த விபத்து அறிக்கைகளை வாசித்து, 'பராமரிப்புக் குறைவு' என்று சிவப்புப் பேனையால் எழுதித் திருப்பி அனுப்பியவன். பிரேக்கைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா?

"அது பெடல் போறதில்லை மாமா," என்றேன். "உங்கட கால் களைச்சுப்போகுது."

மாமா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். பிறகு, அப்படியும் இருக்கலாம் என்றார். அன்றைக்கு நான் அதைப் பெரிய பகிடியாக நினைத்து வீடு போகும்வரை சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது.

இருந்தாலும் ஒரு நிபுணர் பரிசோதிக்கத்தானே வேண்டும். சீற்றில் ஏறி இருந்து பெடலை அமத்தினேன். பஞ்சு மாதிரிப் போனது. மூன்று தரம் கிடுகிடுவென்று அமத்தினேன், மேலே வந்து இறுகியது. போனில் வீடியோ பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், அமத்த அமத்த இறுகினால் லைனுக்குள் எயார் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சரி என்றார். அவர் அடுத்ததாக இன்னொன்றும் சொன்னார். காலை அமத்தியபடி வைத்திருக்கையில் பெடல் தானாகத் தாழ்ந்தால் அது எயார் இல்லை, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது என்று. அந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. எனக்கு விடை கிடைத்துவிட்டது, மிச்ச வீடியோ எதற்கு?

வியாழக்கிழமை பௌர்ணமிப் போயா லீவு. மாமா வழமையாகக் காரைக் காட்டுகிற மெக்கானிக் சுனில் பாஸின் கராஜ் கொலன்னாவையில் இருக்கிறது, அன்றைக்குப் பூட்டு. வெள்ளிக்கிழமை காலமை கொண்டுபோய்க் காட்டலாம் என்று மாமா இருந்தார். கலியாண வீட்டில் உங்களுக்கு ஆயிரம் வேலை, இந்தச் சின்ன விசயத்துக்கு ஏன் கொலன்னாவைக்கு அலைவான், நான் ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன். மாமி என்னை நன்றியோடு பார்த்தார். உள்ளே வாழையிலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வின்சன்ட் பெரியப்பா கூட எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு 'பரவாயில்லையே'க்காக நான் விமானத்தையே கழற்றிப் பூட்டியிருப்பேன்.

சாமான்கள்: ஒரு டின் பிரேக் ஒயில், ஒரு ஸ்பானர், ஒரு ஜாம் போத்தல், வெள்ளவத்தையில் மீன்தொட்டிக் கடையில் வாங்கின மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வேலை சுலபம். ஒருவர் உள்ளே இருந்து பெடலை அமத்திப் பிடிக்கவேண்டும். மற்றவர் சில்லுக்குப் பக்கத்தில் படுத்து, அங்கே இருக்கிற சின்ன நிப்பிளைத் திறக்க, பழைய ஒயிலும் எயாரும் குழாய் வழியாகப் போத்தலுக்குள் வரும். நிப்பிளைப் பூட்டும்வரை உள்ளே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போய்விடும். இதை நான் மாமாவுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மூன்று தரம் சொன்னேன். அவர் மூன்று தரமும் "ஓம்" என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "முழுக்க அமத்தவோ தம்பி, இல்லாட்டி அரைவாசியோ?"

"முழுக்க, அடிமட்டும் அமத்துங்கோ மாமா. பயப்பிடாதேங்கோ."

அமத்தினார். மூன்று சில்லு முடிந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் பதினைந்து, இருபது தரம், அடிமட்டும். வெயில் உச்சந்தலையில். நான் தாரில் மல்லாந்து கிடந்தேன், சேர்ட் முழுக்க ஒயில், முகத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிறவனின் களை. கடைசியாக வலது முன் சில்லு. நிப்பிளைத் திறந்தேன். ஒயில் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது.

எனக்கு மணி என்றால் மணி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மாமாவுக்கு அது அப்படியில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திரிகால மணி அடித்தால், செய்கிற வேலையை விட்டுவிட்டு எழும்பி நின்று செபம் சொல்லவேண்டும். துறைமுகத்தில் வேலை செய்த காலத்திலும் பேனையை வைத்துவிட்டு எழும்பி நின்றவராம். கார்க் கதவு திறந்தது. என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு செருப்புக் கால்கள் வந்து சேர்ந்து நின்றன. மீன்தொட்டிக் குழாய்க்குள் குமிழிகள் வரிசையாக, சந்தோசமாக, திரும்பி மேலே ஏறிப் போனதை நான் கிடந்தபடியே பார்த்தேன். என்ன செய்வது? செபம் சொல்லுகிற மனிதரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஸ்பானரோடு நானும் அமைதி காத்தேன்.

முடித்துச் சிலுவை போட்டுவிட்டு மாமா திரும்ப ஏறி இருந்தார். எங்கே விட்டனாங்கள் என்று கேட்டார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது, முகம் சுருங்கிப்போனது. மன்னிப்புக் கேட்டார், அதுவும் என்னிடம். நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன். அந்தச் சில்லைத் திரும்ப முதலில் இருந்து செய்தோம், பிறகு நிச்சயத்துக்காக இன்னொரு தரமும் செய்தோம். ஒரு குமிழி இல்லாமல் ஒயில் சுத்தமாக வந்தது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மணியால் உள்ளே போன காற்று முழுவதும் அப்போதே வெளியே வந்துவிட்டது.

பெடலை அமத்திப் பார்த்தேன். இறுகி நின்றது. சந்திவரை போய்த் திரும்பினேன், பிடித்தது. வந்து இறங்கி, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கல்லு மாதிரி இருக்கு மாமா" என்றேன். எதற்கும் நாளைக்குச் சுனில் பாஸிடம் ஒருக்கால் காட்டட்டோ என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் செய்த வேலையில் நம்பிக்கை இல்லையோ என்று திருப்பிக் கேட்டேன். வீட்டு மாப்பிள்ளை அப்படிக் கேட்டால் அந்த மனிதர் என்ன சொல்லுவார்? வெள்ளிக்கிழமை கார் கொலன்னாவைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. காருக்கு வெள்ளை ரிபன், பூ. மாமி தீர்த்தம் தெளித்தார். என் அம்மா வெள்ளவத்தையில் இருந்து நாலு தேசிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார், அதையும் சில்லுகளுக்குக் கீழே வைத்தோம். இரண்டு சமயமும் தங்கள் கடமையைச் செய்துவிட்டன. பிழை விட்டவன் நான் மட்டும்தான்.

மாமா கோட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பத்து வயது குறைந்தவராக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்னால் ஷிரோமியும் அவளுடைய வெள்ளை உடுப்பும், இடுக்கில் ரொஷானியும். முன்னால் பிரேக் நிபுணராக நான். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முதல் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, பிரேக்?" என்றார்.

"கல்லு மாதிரி மாமா."

மாமா வீட்டு ஒழுங்கை பெரிய வீதிக்கு இறங்குகிற இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. பாதிச் சரிவில் மாமா பிரேக்கை அமத்தினார். பெடல் ஒரு தடையும் இல்லாமல் அடிக்குப் போனது. திரும்ப அமத்தினார். திரும்பப் போனது. கீழே பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாமா கியரை இறக்கினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், ஸ்டியரிங்கை ஒரே ஒடி இடப்பக்கம் ஒடித்தார். அங்கே ஒரு வீட்டுக்காரர் மதிலை உயர்த்தக் கொட்டி வைத்திருந்த மணல் கும்பி. கார் மூக்கோடு அதற்குள் புதைந்து நின்றது. பொனட்டில் இருந்த பூ முழுக்க மணல்.

ஒருவருக்கும் காயமில்லை. மணல் இல்லாவிட்டால் மதில். மதில் இல்லாவிட்டால் பஸ். பின்னால் என் மனைவியும் அவள் தங்கையும் இருந்தார்கள். கந்தோரில் சிவப்புப் பேனையால் நான் எழுதுகிற அந்தப் 'பராமரிப்புக் குறைவு', எங்கள் வீட்டுக்கு எந்த விதமாக வந்திருக்கும் என்று யோசித்தால் தூக்கம் போய்விடும்.

ஷிரோமியை ஒரு த்ரீவீலில் ஏற்றி அனுப்பினோம். தலையில் போட்ட நெட் கதவுக்கு வெளியே பறக்க அவள் போனாள். சிரித்துக்கொண்டுதான் போனாள், பாவம். மாமா காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில், முன்னால் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்குள் சொந்தக்காரர் ஓடி வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் வின்சன்ட் பெரியப்பா.

"ஆர் இந்தப் பிரேக்கைப் பார்த்தது?" என்று கேட்டார். கேட்டது பொதுவாக. பார்த்தது என்னை.

நான் வாயைத் திறந்தேன். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன், திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"என்ர பிழை அண்ணே," என்றார் மாமா. "தம்பி சரியாத்தான் செய்தவர். நான்தான் திரிகால மணிக்கு எழும்பிட்டன். எயார் போயிட்டுது."

பெரியப்பா தலையில் கை வைத்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பயந்து தெளிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அந்த இடத்திலேயே பகிடி பிறந்துவிட்டது. மாமா அடுத்த த்ரீவீலில், சப்பாத்துக்குள் மணலோடு, மகளின் கையைப் பிடிக்கக் கோயிலுக்குப் போனார். நான் வாயை மூடினேன்.

திங்கட்கிழமை கார் கட்டி இழுத்து கொலன்னாவைக்குப் போனது. கூடப் போனவன் நான். சுனில் பாஸ் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் முழுக்கக் கிழிந்து கிடந்தது. சிங்களத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சீல் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்திருக்கும், அதனால்தான் சிக்னலில் பெடல் தாழ்ந்திருக்கும். புதிதாக ஒன்று போட்டிருந்தால் முடிந்தது. ஆனால் பழைய சிலிண்டரில், பெடல் வழமையாகப் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். எயார் எடுக்கையில் பெடல் அடிமட்டும் போகாதபடி கீழே ஒரு பலகைத்துண்டு வைப்பதுதான் முறை. இதில் யாரோ அடிமட்டும் அமத்தி அமத்தி, சீலைத் துருவில் தேய்த்துக் கிழித்திருக்கிறார்கள்; முதலில் பிடித்தாலும், கிழிசல் பெருத்ததும் கைவிட்டிருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்பார்களே, அது நான்.

"கவுத மேக கெருவே?" என்று கேட்டார், யார் இதைச் செய்தது என்று.

"தன்னே நே பாஸ்," என்றேன். தெரியாதாம் எனக்கு. என் வாழ்க்கையில் பிழையில்லாமல் நான் பேசின சிங்களம் அதுதான்.

கார் திருத்தி வந்ததும் சாவியை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். நீங்களே வச்சு ஓட்டுங்கோ தம்பி, எனக்கு இனி எங்க போக இருக்கு என்றார். அன்றையில் இருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்தக் காரை எட்டு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் இருப்பார். சந்தி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை அமத்தும்.

அவர் ஏன் பழியை ஏற்றார் என்று விளங்க எனக்கு நாள் எடுத்தது. அன்றைக்கு அந்த ஒழுங்கையில் நின்றது, என்னை மாப்பிள்ளையாக ஏற்காத சனம். அவர்கள் காத்திருந்ததே இப்படி ஒன்றுக்காகத்தான். அதற்குள் என்னை விடக்கூடாது என்று தன் செபத்தையே பகிடிக்குக் கொடுத்தார். அதன் பிறகு வின்சன்ட் பெரியப்பா என்னை 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கினார். மாமா மணிக்கு எழும்பி நிற்கையில் பேரப்பிள்ளைகள், "தாத்தா, பிரேக்" என்று கத்தினார்கள்.

போன நத்தாருக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமியதும் நான் எழும்பினேன். மணியால் இல்லை, நான்தான் சிலிண்டரைக் கெடுத்தவன், மாமா முதல் நாளே சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சீல், துரு, பலகைத்துண்டு ஒன்றும் விடவில்லை. பிறகு பெரியப்பா கிளாஸைத் தூக்கினார்.

"பாத்தீங்களோ," என்றார், கண் கலங்க. "மாமனாரை விட்டுக்குடுக்கிறாரில்லை. இதல்லோ மாப்பிள்ளை."

எல்லோரும் கை தட்டினார்கள். மாமி எனக்குப் பெரிய துண்டாகக் கேக் வைத்தார். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்லத் தட்டல் கூடியது. ரொஷானி மட்டும் தட்டவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடம் பிந்திய உண்மை எனக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித் தந்தது. அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

அன்று பின்னேரம் மாமாவை வெள்ளவத்தைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். காரில் நாங்கள் இருவர் மட்டும். ஆமர் வீதிச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் பிரேக்கில் காலை வைத்தேன். பக்கத்தில் அவருடைய காலும் அமர்ந்தது.

"மாமா, நான் சொன்னது உண்மை," என்றேன். "அண்டைக்கு நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். பெடல்தான் தாழ்ந்தது."

மாமா முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"இல்லைத் தம்பி," என்றார். "என்ர கால்தான் களைச்சுப்போச்சு."

பச்சை விழுந்து, பின்னால் நின்றவன் ஹோன் அடிக்கும்வரைக்கும் நான் பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை.